ஒரு சுற்றுக்கு ஒரு முறை

இரண்டாயிரத்து இருநூற்றைம்பதில் வருகிறது என்றார்
கேப்டன் அல்போன்ஸ்.
அதற்குக் கீழே இல்லை, மேலேயும் இல்லை.
"பெடல்ல ஆரம்பிச்சு முட்டி வரைக்கும் ஏறுது லா."

தெலுக் இந்தானுக்குத் தெற்கே
செம்பனைக்கு நடுவில் கீறிய ஓடுபாதை.
அதன் முனையில் தகரக் கொட்டகை.
உரம் தூவும் மஞ்சள் விமானத்துக்கு நான் மெக்கானிக்.
லைசென்ஸில் யசோதினி,
தோட்டத்தில் எல்லோருக்கும் மிஸ்ஸி.

அதிர்வைத் தேடப் போகிறவர்
முதலில் ஸ்பேனரைத் தொடக்கூடாது.
இரண்டு சுற்றுக்கு ஒரு முறை உதைத்தால்
ஏதோ ஒரு சிலிண்டர் வேலைக்கு மட்டம் போடுகிறது.
ஒரு சுற்றுக்கு ஒரு முறை என்றால்
புரொப்பெல்லர்.
இரண்டிலும் சேராவிட்டால்
எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டைகளைப் பார்க்க வேண்டும்.
கித்தா மரத்தையெல்லாம் சாய்த்துவிட்ட இந்த ஊரில்
நான் தினமும் தொட்டுப் பார்க்கும் ரப்பர்
அந்த நான்கு துண்டுதான்.
வெடிப்பில்லை, தொய்வில்லை.

மேக்னெட்டோ இடது, வலது:
எழுபது சுற்று இறங்கியது, போகட்டும்.
எட்டு பிளக்கையும் கழற்றினேன்.
கீழ்வரிசையில் கொஞ்சம் ஈயம்,
ஊசியால் குத்த உதிர்ந்தது.
அழுத்தம் எண்பதுக்கு எழுபத்தாறு, எழுபத்தைந்து,
எழுபத்தாறு, எழுபத்து நான்கு.
என் ரத்த அழுத்தம் கூட இவ்வளவு ஒழுங்கில்லை.

ஃபைசால் ஒரு பெயின்ட் டின்னைக் கொண்டுவந்து
பிளேடின் நுனிக்கு நேரே வைத்தான்.
கையால் மெல்லச் சுற்றினோம்.
முதல் பிளேடு உரசிய இடத்தை
இரண்டாவதும் உரசியது.
இடையில் ஒரு தாள் கனம்.

மூக்குக் கூம்பைக் கழற்றியபோதுதான்
உள்ளே கொட்டைப்பாக்கு அளவில்
செம்மண் உருண்டை.
இரண்டு வார மழையில் விமானம் சும்மா நின்றபோது
குளவி குடிவந்திருக்கிறது.
உடைத்தேன்.
மயக்கத்தில் எட்டுச் சிலந்திகள்,
யாருக்கோ எடுத்துவைத்த சாப்பாடு.

துடைத்து, ஒளிப்பட்டை ஒட்டி,
அளவுக்கருவி மாட்டி ஓட்டினேன்.
பதினோரு கிராம் வாஷர் ஒன்று சேர்த்ததும்
பாயிண்ட் மூன்று ஒன்று
பாயிண்ட் பூஜ்யம் ஐந்துக்கு இறங்கியது.
ஃபைசால் கைதட்டினான்.

அல்போன்ஸ் ஒரு வட்டம் பறந்து இறங்கினார்.
"இன்னும் இருக்கு."

ஒற்றை இருக்கை. நானே ஏறி உட்கார்ந்தேன்.
சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து
இரண்டாயிரத்து இருநூற்றைம்பது வைத்தேன்.
பெடலில் என் கால்,
குச்சியில் என் கை.
ஒன்றும் இல்லை.
செம்பனை மட்டைகள்தான் பின்னால் ஆடின.

ஒட்டுக்கடையிலிருந்து தேத்தண்ணி வந்தது,
கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில்.
கேப்டன் கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டு
வானத்தைப் பார்த்து நின்றார்.
பையில் செருகிய ஸ்ட்ரா
ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது,
விடாமல், ஒரே வேகத்தில்.
எஞ்சினை அணைத்து
அரைமணி நேரம் ஆகியிருந்தது.

எந்தக் கோளாறையும் தேடுவதுபோல
லாக் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
போன வாரக் கையெழுத்தில் 'ல்' உடைந்திருக்கிறது.
ஜூனில் கொஞ்சம் தேவலை.
பிப்ரவரியில் அடிக்கோடு அலைகிறது.
அதற்கு முந்தைய தீபாவளி வாரத்தில்
அல்போன்ஸ் என்று
ஸ்கேல் வைத்ததுபோல எழுதியிருக்கிறார்.

"ரப்பரைப் பாத்தியா மிஸ்ஸி?"
"பாத்துட்டேன் கேப்டன்."
"மறுபடியும் பாரேன்."

பாயிண்ட் பூஜ்யம் ஐந்து, விமானத்தில் குறையில்லை
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அடுத்த கட்டம் அவருடையது.
பேனாவை நீட்டினேன்.
வாங்கினார்.
மூடியைத் திருகி, திறந்து, திருகினார்.

பதினான்காம் பிளாக்கில் உரமூட்டைகள் காத்திருந்தன.
மண்டோர் இரண்டு முறை போன் பண்ணிவிட்டார்.
"மழை வருதுன்னு சொல்லிடு,"
ஃபைசாலிடம் சொல்லிவிட்டு
பேனாவைப் புத்தகத்தின் மேல் வைத்தார்.
அது உருண்டது.

வெயில் தகரத்தைப் பிளந்துகொண்டிருந்தது.
ஃபைசால் என்னைப் பார்த்தான்.
மழை உறையை எடுத்துவரச் சொல்லி
மூக்கை மூடினேன்.